வீட்டில் பிரஷர் பார்ப்பது எப்படி: நான் பட்டுத் தெரிந்துகொண்டது

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் மேடை ஏறிப் பேசுவது இதுதான் முதல் தடவை. காலெல்லாம் நடுங்குது. பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊருக்கு வாக்கப்பட்டு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. எங்கள் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவது நான்தான். தலைவி அக்கா வீட்டுக்கு வந்து, "ஆண்டு விழாவில பிரஷர் பாக்குறதைப் பத்தி நீ பேசணும்" என்றார்கள். "நான் என்ன டாக்டரா, நர்ஸா அக்கா?" என்று கேட்டேன். "நீ பட்டதைச் சொல்லு தாயி, அது போதும்" என்றார்கள். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இடது கையால் விசிறிக்கொண்டு இருக்கிறார்களே, அவர்கள்தான். வலது கை வராது. அந்தக் கை எத்தனையோ வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கை. அப்புறம் உளுந்தும் பாசியும் எடுத்த கை, பருத்தி எடுத்த கை. அது இப்படிச் சும்மா மடியில் கிடப்பதற்கு நானும் ஒரு காரணம். இதைச் சொல்லலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லு, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்றார்கள்.

அத்தைக்கு பிரஷர் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிற அக்கா ஒரு நாள் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மேல் அளவு 168, கீழ் அளவு 100. மறுபடி ஒரு நாள் வந்து பார்த்தார்கள், அப்பவும் கூடத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்கள். மாசா மாசம் மாத்திரை வீட்டுக்கே வந்தது. அளவும் நன்றாகக் குறைந்தது.

திருப்பூரில் இருக்கும் என் கொழுந்தனார் பொங்கலுக்கு வரும்போது பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தார். பித்தானை அமுக்கினால் பட்டை தானாக இறுகும், கொஞ்ச நேரத்தில் நம்பர் வரும். என்னிடம் கொடுத்து, "மதினி, நீங்கதான் படிச்சவக, அம்மாவுக்குப் பாத்து எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று கேளுங்கள். அத்தை தண்ணிக் குடத்தை இறக்கி வைத்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பட்டையைச் சுற்றினேன். ஜாக்கெட் கைக்கு மேலேயே சுற்றினேன். அவர்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியோடு சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 176 வந்தது. "ஐயோ" என்று பதறி மறுபடி பார்த்தேன், 158. மறுபடி பார்த்தேன், 141. "இது என்ன, கோட்டி பிடிச்ச மெஷினா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 141 என்று எழுதினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது பழக்கம். மூணு தடவை பார்ப்பேன். எது குறைச்சலோ அதை எழுதுவேன். கூட வந்தால் மெஷின் சரியில்லை, குறைய வந்தால் மெஷின் ரொம்பச் சரி! குழு நோட்டில் பத்து ரூபாய் மாற்றி எழுதச் சொன்னால் எழுதுவேனா? மாட்டேன். ஒரு உறுப்பினர் சந்தா கட்டவில்லை என்றால், சொந்த மதினி ஆனாலும் கட்டவில்லை என்றுதான் எழுதுவேன். ஆனால் என் மாமியார் உயிர்க் கணக்கில் எனக்குப் பிடித்த நம்பரை மட்டும் எழுதினேன். அந்த நோட்டைத்தான் டாக்டரிடமும் காட்டினோம். அவர்கள் அதைப் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்றார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. நோட்டில் இருந்தது அதுதானே.

சித்திரை வெயிலில் ஒரு நாள் 118 வந்தது. அத்தை சிரித்துக்கொண்டே, "எனக்குப் பிரஷர் போயிருச்சுடி. இன்னும் எதுக்கு மாத்திரை? தின்னு தின்னு வயிறு எரியுது" என்றார்கள். நானும் சரி என்று சொன்னேன். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு. ஆடி மாசத்தோடு முழுசாக நின்றுபோனது. மெஷினும் பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. வீட்டுக்கு வருகிற அக்கா கேட்டால், "சாப்பிடுறாக, சாப்பிடுறாக" என்று நானே பதில் சொல்லி அனுப்பினேன். மாத்திரை அட்டை டப்பாவில் சேர்ந்துகொண்டே போனது.

மார்கழி மாசம். வெள்ளென எழுந்து வாசல் தெளிக்கப் போன அத்தை வாளியைக் கீழே போட்டுவிட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு இருக்கிறது, பேச்சு குளறுகிறது. குளிர் அடித்துவிட்டது என்று நினைத்து சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம். அது இன்னொரு தப்பு. வாதம் வந்தவருக்கு விழுங்க முடியாது, புரை ஏறிவிடும், எதுவும் கொடுக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் லோடு ஏற்றிப் போன வண்டி திரும்பி வரட்டும் என்று காத்திருந்தோம். 108-க்கு போன் போட யாருக்கும் தோன்றவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நேரம் தாண்டிவிட்டது.

உயிர் தப்பியது. பேச்சு முக்கால்வாசி வந்தது. கைதான் வரவில்லை.

அத்தையை வார்டில் வைத்திருந்த நாட்களில் ஒரு நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விவரம் கேட்டார்கள். நான் நோட்டைக் காட்டினேன், அழுதேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. "மெஷின்ல கோளாறு இல்லைமா. பாத்த விதத்திலதான் கோளாறு. மாத்திரை சாப்பிட்டதாலதான் 118 வந்துச்சு. வெயில் காலத்தில கொஞ்சம் குறையும், குளிர் காலத்தில கொஞ்சம் ஏறும். அதை வச்சு நோய் போச்சுன்னு முடிவு பண்ணலாமா?" என்றார்கள். அப்புறம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று முறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகு சுகாதார நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன். நோட்டுப் புத்தகம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில், மெஷின். கை மேல் பகுதியில், அதாவது முழங்கைக்கு மேலே சுற்றுகிற மெஷின்தான் நல்லது. மணிக்கட்டில் கட்டுவது, விரலில் மாட்டுவது எல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாங்கிய உடனேயும், அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையும் மெஷினை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கிற மெஷினோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடுகிறார்களே, அது மாதிரி. பேட்டரி தீர்ந்துபோகும் நிலையில் பார்க்கக் கூடாது.

அடுத்து, கையில் சுற்றுகிற பட்டை. இது எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. ஜாக்கெட் தைக்க கைச் சுற்றளவு எடுக்கிறோமே, அதே மாதிரி தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் மெஷினோடு வருகிற பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான். பட்டையிலேயே அச்சடித்திருக்கும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு இல்லாத அளவுக்குக் கூட்டிக் காட்டும். ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டை போட்டால் குறைத்துக் காட்டும்.

இந்தத் தப்பைச் செய்தது நாம் மட்டும் இல்லை. கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்க்கிற முறையை 1896-ல் கொண்டு வந்தவர் ரிவா ரோச்சி என்ற இத்தாலி நாட்டு டாக்டர். அவர் சைக்கிள் டியூபை வைத்துத்தான் பட்டை செய்தார். அது ஐந்து சென்டிமீட்டர் அகலம் போலத்தான் இருந்தது. அதனால் அவர் மெஷின் எல்லாருக்கும் கூட்டியே காட்டியது. 1901-ல் ஜெர்மனி டாக்டர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துப் பட்டையை அகலப்படுத்திய பிறகுதான் சரியானது. கண்டுபிடித்தவருக்கே பட்டை அளவு தப்பியிருக்கிறது. நமக்குத் தப்பாதா?

மூன்றாவது, பார்ப்பதற்கு முன்னால் உள்ள அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் காப்பி, டீ கூடாது. வெத்தலை போயிலை கூடாது. பீடி, சுருட்டு கூடாது. குடம் தூக்குவது, விறகு சுமப்பது, மாடு பத்துவது எதுவும் கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து உட்கார வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறீர்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மேல் அளவு பத்துப் புள்ளிக்கு மேலேகூட ஏறும். வேலை செய்கிற இடத்தில் ஒதுங்க இடம் இல்லாமல் சாயந்திரம் வரை அடக்கியே பழகிய உடம்பு நம்முடையது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான்காவது, உட்காருகிற விதம். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வேண்டும். கயிற்றுக் கட்டிலில் கால் தொங்கப் போட்டோ, தரையில் சம்மணம் போட்டோ பார்க்கக் கூடாது. பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. நாற்காலி உயரமாக இருந்தால் காலுக்குக் கீழே பலகையைப் போடுங்கள். இப்படி உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். டி.வி. கூடாது, போன் கூடாது, பேச்சு கூடாது.

ஐந்தாவது, கை. மேசை மேல் கையை நீட்டி, தளர்வாக வைக்க வேண்டும். பட்டை நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும். மேசை தாழ்வாக இருந்தால் மடித்த சேலையையோ தலையணையையோ கைக்குக் கீழே வையுங்கள். 2024-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கையை மடியில் வைத்துப் பார்த்தால் மேல் அளவு ஏறக்குறைய 4 புள்ளி கூடக் காட்டியது. பக்கத்தில் தொங்கப் போட்டால் ஆறரைப் புள்ளி கூடக் காட்டியது. கையை வைக்கிற இடம் மட்டும் மாறினதுக்கே இவ்வளவு வித்தியாசம்.

ஆறாவது, துணி. வெறும் கையில்தான் பட்டை சுற்ற வேண்டும். நம் ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கும். அதை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியது மாதிரி கையை இறுக்கும், அளவு தப்பும். கையை ஜாக்கெட்டில் இருந்து எடுத்துவிடுங்கள், இல்லை என்றால் தொளதொள நைட்டியில் இருக்கும்போது பாருங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே இருக்க வேண்டும். டியூப் கையின் உள்பக்கமாக வர வேண்டும். சுற்றிய பட்டைக்குள் ஒரு விரல், இரண்டு விரல் நுழைகிற மாதிரி இருந்தால் சரியான இறுக்கம்.

ஏழாவது, வாயை மூட வேண்டும். பட்டை இறுகும்போது பேசினால் பத்துப் புள்ளி வரைக்கும் ஏறும். பக்கத்தில் இருப்பவர்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எங்கள் குழுவில் இதுதான் ரொம்பக் கஷ்டம். கடன் தவணையைக்கூட வசூல் பண்ணிவிடலாம், இருபது பொம்பளைகளை ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வைக்க முடியாது.

எட்டாவது, எத்தனை தடவை பார்ப்பது. ஒரு தடவை பார்த்து, ஒரு நிமிஷம் விட்டு, இன்னொரு தடவை. இரண்டையும் எழுத வேண்டும். கூட வந்தாலும் எழுத வேண்டும், குறைய வந்தாலும் எழுத வேண்டும். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி பார்க்க வேண்டும். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எந்தக் கையில் கூட வருகிறதோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பாருங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஏழு நாள் இப்படிப் பார்த்து எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிடலாம், பழக்கம் இல்லாததால் பதட்டத்தில் கூட வரும். மீதி ஆறு நாள், நாளைக்கு 4 என்று 24 அளவுகள் இருக்கும். மேல் அளவு எல்லாவற்றையும் கூட்டி 24-ஆல் வகுத்தால் சராசரி. கீழ் அளவுக்கும் அதே மாதிரி. கணக்கு வராதவர்கள் பயப்பட வேண்டாம், எழுதிக்கொண்டு போனால் போதும், நர்ஸம்மா பார்த்துக்கொள்வார்கள். உதாரணத்துக்கு 148, 136, 139 என்று மூன்று அளவு வந்தால், கூட்டுத்தொகை 423, மூன்றால் வகுத்தால் 141. நானாக இருந்தால் அன்றைக்கு 136 என்று எழுதியிருப்பேன்.

ஏன் இத்தனை நாள் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். நாம் மானாவாரிக்காரர்கள். ஒரு மழை பெய்ததை வைத்து வெள்ளாமை விளைந்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? ஒரு மழை தப்பினதும் எல்லாம் போச்சு என்றும் சொல்ல மாட்டோம். பருவம் முழுக்க எப்படி என்று பார்ப்போம். பிரஷரும் அப்படித்தான். காலையில் ஒன்று, கோபத்தில் ஒன்று, வெயிலில் ஒன்று, குளிரில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். கோட்டி பிடித்தது மெஷினுக்கு இல்லை, எனக்குத்தான்.

இப்போது நம்பருக்கு அர்த்தம் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது 140-க்கு 90 அல்லது அதற்கு மேலே பல தடவை வந்தால் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் பார்க்கும்போது மனசு அமைதியாக இருக்கும், அதனால் கணக்கு கொஞ்சம் குறைவு. வீட்டு சராசரி 135-க்கு 85 அல்லது அதற்கு மேலே இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மேல் அளவு, கீழ் அளவு இரண்டில் எது ஒன்று கூடினாலும் போக வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், ரொம்ப வயசானவர்கள் தங்களுக்கு எவ்வளவு இருக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த மெஷின் சில நேரம் தப்பாகக் காட்டும். அவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

180-க்கு 120-க்கு மேலே போனால் பதறாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்பவும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. அதோடு நெஞ்சு வலி, மூச்சு முட்டல், வாய் கோணல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, கண் மங்கல் இதில் ஏதாவது இருந்தால் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு 108-க்குப் போன் போடுங்கள். வாய் கோணினால் நம்பர் எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சுக்குக் காப்பி வேண்டாம், தாயி. நான் கொடுத்தது போதும்.

வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏழு நாள், சராசரி என்று நான் சொன்னது அவர்களுக்கு இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது 140-க்கு 90 வந்தாலே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூட விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் 18 வயசில் இருந்து 69 வயசு வரைக்கும் உள்ளவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். 33.9 சதவீதம் பேருக்கு, அதாவது மூணு பேருக்கு ஒருத்தருக்கு, ரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். நூறு பேரில் ஏழு பேர்! நம் கூட்டமைப்பில் நூறு பேர் கடன் வாங்கி ஏழு பேர் மட்டும் திருப்பிக் கட்டினால் நம் நிலைமை என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறவர்கள் யார்? நம்மை மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள்தான். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய குழுக்கள், அஞ்சும் பத்துமாய்ச் சேர்த்த பெண்கள், இன்றைக்கு ஊர் ஜனங்களின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார்கள் என்றால் நாம் பெருமைப்படலாம். ஆனால் வருகிற அக்காவிடம் நாம் பொய் சொன்னால் எந்தத் திட்டமும் நம்மைக் காப்பாற்றாது. நான் சொன்ன பொய் என் வீட்டில் மாத்திரை டப்பாவில் மாசக்கணக்கில் கிடந்தது.

எங்கள் குழுவில் இப்போது செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். ஆளுக்கொரு மெஷின் வாங்க எல்லாராலும் முடியாது. குழுவில் எல்லாரும் பணம் போட்டு ஒரு மெஷின் வாங்கினோம். சின்னது, பெரியது என்று இரண்டு பட்டை வைத்திருக்கிறோம். முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றும், மேசை ஒன்றும் கூட்டம் நடக்கிற இடத்தில் போட்டிருக்கிறோம். கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு தனி நோட்டு. ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் சத்தம் போட்டு வாசிக்கக் கூடாது, ஊரில் போய்ச் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் ஏழு நாள் பார்க்க வேண்டும் என்றால் மெஷினை முறை வைத்து வாங்கிப் போகிறார்கள். முதல் மாசமே எங்களில் மூன்று பேருக்கு அளவு கூட இருந்தது. மூன்று பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அதில் ஒருத்தி நான்.

ஆமாம், எனக்கும் இருக்கிறது. முப்பதைத் தாண்டி நாலைந்து வருஷம்தான் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். கருவாட்டையும் ஊறுகாயையும் மோர் வத்தலையும் குறைத்திருக்கிறேன். தூத்துக்குடி உப்பு நமக்குப் பக்கத்திலேயே விளைகிறது என்பதற்காக அள்ளிப் போட வேண்டியதில்லை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாப் பதார்த்தத்திலும் சேர்த்து 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

என் நோட்டை இப்போது நான் எழுதுவதில்லை. அத்தைதான் எழுதுகிறார்கள். இடது கையால், எழுத்துக் கூட்டி, கோணல் மாணலாக எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு நாள் எனக்கு 146 வந்தது. "அத்தை, இன்னொரு தடவை பாத்துட்டு எழுதுவோமே" என்றேன். "பாப்போம். ஆனா இதையும் எழுதித்தான் வைப்பேன்" என்று சொல்லி முதலில் 146-ஐ எழுதிவிட்டுத்தான் அடுத்த தடவைக்குப் பித்தானை அமுக்கவிட்டார்கள்.

அக்கா, தங்கச்சிமாரே, நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். சாப்பிடாத மாத்திரை எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். நாளைக்கு அந்த அக்கா வரும்போது எண்ணிய கணக்கை அப்படியே சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.